கண்ணை மூடினால் நழுவும் தரை

எங்கள் பெரியப்பா பார்த்தசாரதி கோயிலில் கண்ணை மூடிச் சேவிப்பதை நிறுத்திவிட்டிருந்தார். வேங்கடகிருஷ்ணன் சந்நிதியில் மற்றவர்கள் கைகூப்பிக் கண்மூடி நிற்க, இவர் மட்டும் பெருமாளின் மீசையை வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருப்பார். கேட்டால், "மீசையோட பெருமாளை வேற எங்கேடா பார்க்க முடியும்? கண்ணை மூடிண்டு என்னத்தைச் சேவிக்கிறது?" என்பார். பக்தி முற்றிவிட்டது என்றுதான் வீட்டில் நினைத்தோம். பெரியம்மாதான் ஒருநாள் போட்டு உடைத்தாள்: "மூடினா ஆடறதாம். யாரோ பின்னாலேர்ந்து தள்ளற மாதிரி இருக்காம். பக்தியும் இல்லை, ஒண்ணும் இல்லை."

அப்போது அவருக்குச் சர்க்கரை நோய் வந்து பதினெட்டு வருஷம்.

பெர்லினில் மோரிட்ஸ் ரோம்பெர்க் என்ற மருத்துவர் 1840களில் நரம்பு நோய்களைப் பற்றி ஒரு பெரிய நூல் எழுதினார். கண்ணை மூடச் சொன்னால் தள்ளாடுகிற நோயாளிகளை அதில் விவரித்திருக்கிறார். அவர்களுக்கு இருந்தது சர்க்கரை அல்ல. சிபிலிஸ் முற்றித் தண்டுவடத்தின் பின்பகுதியை அரித்திருந்தது என்பது பிற்பாடு தெரியவந்தது. காலிலிருந்து மூளைக்குப் போகிற தகவல் வழியிலேயே நின்றுபோயிருந்தது. பகலில் ஓரளவு நடமாடியவர்கள்கூட, காலையில் முகம் கழுவக் குனிந்து கண்ணை மூடியதும் தொட்டியின் மேல் சாய்ந்தார்கள். இன்றைக்கும் நரம்பு மருத்துவர் நம்மைக் கால் சேர்த்து நிற்கவைத்து, கண்ணை மூடச் சொல்லி, விழுந்தால் பிடிக்கப் பக்கத்திலேயே நிற்கிறாரே, அந்தச் சோதனைக்கு ரோம்பெர்க் பெயர்தான். பெரியப்பா அதைக் கர்ப்பகிரகத்துக்கு எதிரில் தினமும் செய்து, தினமும் தோற்று, கடைசியில் கண்ணை மூடுவதையே நிறுத்தியிருந்தார்.

நாம் நிமிர்ந்து நிற்பதற்கு மூளை மூன்று பேரிடம் விசாரிக்கிறது: கண், உட்காது, பாதம். உள்ளங்காலின் தோலும் கணுக்கால் மூட்டும் தசைகளும் "முன்பக்கம் சாய்கிறாய், இடதுபக்கம் பாரம் கூடிவிட்டது" என்று நொடிக்கு நொடி சொல்லிக்கொண்டே இருக்கின்றன. மூன்றில் ஒருவர் ஊமையானால் மற்ற இரண்டு பேரும் சமாளித்துவிடுவார்கள். பெரியப்பாவின் பாதங்கள் ஊமையாகிப் பல காலம். அந்த வேலையையும் கண்ணே சேர்த்துப் பார்த்துவந்தது. கண்ணை மூடியதும் உட்காது தனியாக மாட்டிக்கொண்டது. அதனால்தான் அந்தி சாய்ந்த பிறகு மெரினா மணலில் நடக்க மாட்டேன் என்று அடம்பிடித்தார். மணல் நிலையில்லாத தரை, அதில் இருட்டும் சேர்ந்தால் கண்ணை மூடிக்கொண்டு நிற்பதற்குச் சமம். இந்த விளக்கமெல்லாம் அவருக்குத் தெரியாது. உடம்புக்குத் தெரிந்திருந்தது.

"தலை சுத்துது" என்று வருகிறவரைப் போல மருத்துவருக்குச் சிக்கலான நோயாளி கிடையாது. ஒரே சொல்லுக்குள் நாலைந்து நோய்கள் ஒளிந்திருக்கும். ஆனால் திருவல்லிக்கேணியில் ஒரு கிளினிக் வாசலில் அரைமணி நேரம் உட்கார்ந்து காதைக் கொடுத்தால், தமிழ் அதைவிடக் கெட்டிக்கார மொழி என்பது புரியும். "எழுந்தா கண்ணை இருட்டிண்டு வரது" என்பார் தேரடித் தெரு மாமா. மேன்ஷனில் தங்கியிருக்கும் நெல்லைக்காரர், "ஒரே கெறக்கமா இருக்கு சார், கை நடுங்குது, வேர்க்குது" என்பார். "திரும்பிப் படுத்தா வீடே சுழலுது" என்பார் ஒரு அம்மா. "தலையில ஒண்ணும் இல்லைங்க, நடந்தா கால்தான் தள்ளாடுது" என்பார் இன்னொருவர். நான்கும் நான்கு வியாதிகள். வீடு சுழல்வது பெரும்பாலும் உட்காதில் இடம்மாறிப்போன கால்சியம் துகள்களின் வேலை. தலையைக் குறிப்பிட்ட விதமாகத் திருப்பி அவற்றைப் பழைய இடத்துக்கு அனுப்பும் முறையை ஜான் எப்லி என்ற அமெரிக்க மருத்துவர் 1980இல் செய்துகாட்டினார். அதை இங்கே விட்டுவிடுகிறேன். கெறக்கமும் நடுக்கமும் இரத்தச் சர்க்கரை இறங்குவதன் அடையாளம், அதற்குப் பிறகு வருவோம். மிச்சம் இரண்டு, கண் இருட்டுவதும் கால் தள்ளாடுவதும், இரண்டுமே நரம்பின் கதை.

இந்தக் கதை தலையில் அல்ல, கால் கட்டைவிரலில் தொடங்குகிறது. பாதத்தின் உணர்வு நரம்பு ஒவ்வொன்றுக்கும் தலைமையகமான செல் இடுப்புக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டி இருக்கிறது. அங்கிருந்து கட்டைவிரல் நுனி வரைக்கும் ஏறத்தாழ ஒரு மீட்டர். உயிரணு ஒன்றின் ஒற்றை இழை அவ்வளவு தூரம் ஓடுகிறது. நுனிக்கு வேண்டிய புரதங்களையெல்லாம் தலைமையகத்தில் தயாரித்து அந்த இழைக்குள்ளேயே அனுப்ப வேண்டும். விரைவுச் சரக்கு நாளுக்கு சுமார் 40 சென்டிமீட்டர் போகும், மெதுவான சரக்கு நாளுக்குச் சில மில்லிமீட்டர்தான். வருஷக்கணக்கில் ஏறிக்கிடக்கும் சர்க்கரை, செல்லின் இரசாயனத்தைக் குழப்புவதோடு, நரம்புக்கே சோறு போடும் தலைமுடியினும் மெல்லிய இரத்தக் குழாய்களையும் கெடுக்கிறது. பட்டுவாடா தடுமாறும்போது முதலில் பட்டினி கிடப்பது கடைசி வீடு. அதனால்தான் மதமதப்பு இரண்டு கால் விரல்களிலும் தொடங்கி, சாக்ஸ் ஏறுவது போல மேலே ஏறுகிறது. முழங்காலை நெருங்கும்போது கைவிரல் நுனிகளும் மரக்க ஆரம்பிக்கும். கைவிரல் நுனியிலிருந்து கழுத்துத் தண்டு வரைக்கும் உள்ள தூரமும், முழங்காலிலிருந்து இடுப்புக்குப் பின்னால் வரைக்கும் உள்ள தூரமும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

சென்னையிலேயே இதை அளந்து பார்த்திருக்கிறார்கள். வி. மோகன் தலைமையிலான குழு 2001இல் தொடங்கிய 'க்யூர்ஸ்' ஆய்வில், அதிரும் கருவியைக் காலில் வைத்து எப்போது அதிர்வு தெரிகிறது என்று கேட்டார்கள். சர்க்கரை நோயாளிகளில் 26 சதவீதத்தினருக்கு நரம்பு பாதிப்பு இருந்தது. நாலில் ஒருவர். அவர்களில் எத்தனை பேர் வெறும் 'நரம்புத் தளர்ச்சி' என்று நினைத்து மருந்துக்கடையில் வைட்டமின் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தார்களோ! நரம்புத் தளர்ச்சி என்ற சொல்லுக்கு நம் ஊரில் அர்த்தமே கிடையாது. கை நடுங்கினாலும் அதுதான், பரீட்சைப் பயமும் அதுதான், சுவரொட்டி லாட்ஜ் வைத்தியர் ஆண்களைப் பயமுறுத்துவதும் அதை வைத்துத்தான். அந்தச் சொல் உண்மையான நரம்புச் சேதத்தை மறைத்துவிடுகிறது என்பது என் நீண்ட நாள் புகார்.

இனி கண் இருட்டும் சமாசாரம்.

படுத்திருக்கும் ஒருவர் எழுந்து நின்றால், அரை லிட்டருக்கு மேல் இரத்தம் சட்டென்று வயிற்றுக்கும் கால்களுக்கும் இறங்கிவிடுகிறது. நியாயமாகப் பார்த்தால் நாம் ஒவ்வொரு நாள் காலையும் மயங்கி விழவேண்டும். விழாததற்குக் காரணம், கழுத்துத் தமனியிலும் இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனியிலும் உட்கார்ந்திருக்கும் அழுத்த உணரிகள். அழுத்தம் குறைந்த மாத்திரத்தில் அவை மூளைத்தண்டுக்குச் சொல்ல, இதயம் வேகம் எடுக்கிறது, கால்களிலும் வயிற்றிலும் உள்ள இரத்தக் குழாய்கள் இறுகுகின்றன. நாம் பல் தேய்க்கக் கிளம்பிவிடுகிறோம். இந்த உத்தரவுகளைக் கொண்டுபோகும் தன்னியக்க நரம்புகளும் நரம்புகளே. சர்க்கரை அவற்றையும் விடுவதில்லை. அவற்றில் மிக நீளமானது மூளையிலிருந்து வயிறு வரை இறங்கும் வேகஸ். இங்கும் நீளமானதுதான் முதலில் அடிபடுகிறது. இதயத்துக்கு வேகஸ் போடும் கடிவாளம் தளர்வதால், சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நாடி 100ஐத் தொடும். பிறகு குழாய்களை இறுக்கும் நரம்புகளும் போகின்றன. எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள் மேல் அழுத்தம் 20 அல்லது கீழ் அழுத்தம் 10 குறைந்தால் மருத்துவர்கள் அதை நோயாகக் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். அழுத்தம் விழுந்தும் நாடித் துடிப்பு ஏறாவிட்டால், சந்தேகம் நரம்பின் மேல்.

கோயிலில் சாஷ்டாங்கமாக விழுந்து எழுகிறவருக்கும், வாலாஜா மசூதியில் ஸஜ்தாவிலிருந்து நிமிர்கிறவருக்கும் இந்தப் பிரச்சினை ஒன்றேதான். இங்கும் அங்கும் ஒரே வயதுக்காரர்கள் ஒரே மாதிரி தூணைப் பிடித்துக்கொண்டு ஒரு கணம் நிற்பதை நான் பார்த்திருக்கிறேன்.

ஆனாலும் எத்தனை கிளினிக்குகளில் படுக்கவைத்து ஒரு முறை, நிற்கவைத்து ஒரு முறை என்று பிரஷர் பார்க்கிறார்கள்? நாற்காலியில் உட்காரவைத்துப் பட்டையைச் சுற்றி, "150 இருக்கு, மாத்திரையைக் கூட்டிடலாம்" என்பதோடு காரியம் முடிகிறது. பெரியப்பாவுக்கு நடந்தது அதுதான். நின்றால் 110க்கு விழுகிற மனிதருக்கு மாத்திரை கூட்டப்பட்டது. போதாததற்கு, ப்ராஸ்டேட்டுக்காக இன்னொருவர் கொடுத்த மாத்திரையும் இரத்தக் குழாய்களைத் தளர்த்தும் வகை. கால் எரிச்சலுக்கு மூன்றாமவர் எழுதியது பிரிகாபலின். எரிச்சலைக் குறைக்கும் நல்ல மருந்துதான், ஆனால் அதன் பக்கவிளைவுப் பட்டியலில் முதல் வரியிலேயே தலைசுற்றலும் தூக்கமும் இருக்கும். மூன்று மருத்துவர்கள் தனித்தனியாகச் சரியாகச் செய்தார்கள், மூன்றும் ஒரே தலையில் வந்து சேர்ந்தன. வீட்டில் கையில் பட்டை சுற்றிப் பிரஷர் பார்க்கும் கருவி இருந்தால், ஐந்து நிமிடம் படுத்து ஒரு தரமும், எழுந்து ஒன்றாவது, மூன்றாவது நிமிடங்களில் ஒவ்வொரு தரமும் பார்த்து எழுதி, மாத்திரை அட்டைகள் அத்தனையையும் ஒரே பையில் போட்டு ஒரே மருத்துவரிடம் கொண்டுபோவது நல்லது. தானாக எதையும் நிறுத்துவது மட்டும் கூடாது.

எல்லாம் கூடிச் சதி செய்யும் நேரம் இரவு இரண்டு மணி. மாடவீதிகளில் இன்னும் மிச்சமிருக்கும் பழைய வீடுகளில் கழிப்பறை கொல்லையில் இருக்கும். நடுவில் முற்றம், இரண்டு நிலைப்படி. சிறுநீர் முட்டி எழுகிறார். படுத்திருந்து எழுந்ததால் அழுத்தம் விழுகிறது. கால் மரத்திருப்பதால் தரை தெரியவில்லை. பேரன் தூங்குகிறானே என்று விளக்கைப் போடவில்லை, ஆகவே கண்ணும் உதவிக்கு இல்லை. இடுப்பெலும்பு முறிவுக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாட்டை யாரும் யோசித்துச் செய்ய முடியாது. எழுந்ததும் கட்டில் விளிம்பில் இரண்டு நிமிடம் உட்கார்ந்து, பாதத்தை இருபது முறை மேலும் கீழும் ஆட்டி, கெண்டைக்கால் தசையால் இரத்தத்தை மேலே தள்ளிவிட்டு, விளக்கைப் போட்டுக்கொண்டு போகலாம். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்து உயர்த்துவதும் நல்ல பழைய யோசனை. இந்த நோயாளிகளுக்குத் தட்டையாகப் படுத்தால் அழுத்தம் ஏறிச் சிறுநீரகம் இரவெல்லாம் நீரையும் உப்பையும் வெளியேற்றும், காலையில் உடம்பு வற்றிக்கிடக்கும். தலை உயர்ந்தால் அது குறைகிறது.

நின்றுகொண்டிருக்கும்போது கண் இருட்டினால் கால்களைக் கத்தரி போலக் குறுக்கே வைத்துத் தொடையை இறுக்கலாம், இல்லாவிட்டால் குந்திவிடலாம். கௌரவம் பார்த்தால் விழவேண்டியதுதான். இரண்டு பெரிய டம்ளர் தண்ணீரை மடமடவென்று குடித்தால் அரைமணிக்குள் அழுத்தம் ஏறுவதை ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். தன்னியக்க நரம்பு கெட்டவர்களிடம்தான் இது நன்றாக வேலை செய்கிறது. இதயமோ சிறுநீரகமோ பலவீனமானவர்கள் முதலில் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். இவையெல்லாம் போதாதவர்களுக்கு மிடோட்ரின், ஃப்ளூட்ரோகார்ட்டிசோன் என்று மருந்துகள் உண்டு.

சாப்பாட்டுக்கும் இதில் பங்கு இருக்கிறது. வயிறு நிறையச் சாப்பிட்டதும் குடலுக்கு இரத்தம் பாய்கிறது. ஆரோக்கியமான உடம்பு அதை ஈடுகட்டிவிடும். நரம்பு கெட்ட உடம்பில் சாப்பிட்ட இரண்டு மணி நேரத்துக்குள் அழுத்தம் சரியும், அதிலும் மாவுச்சத்து மிகுந்த பெரிய சாப்பாடு என்றால் கேட்கவே வேண்டாம். ரத்னா கஃபேயில் இட்லியைச் சாம்பாரில் மூழ்கடித்துச் சாப்பிட்டு, கையோடு பெல்ஸ் ரோடு வெயிலில் இறங்கி நடக்கிறவர் இதைக் கவனிக்கலாம். கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டு, சாப்பிட்டபின் சற்றே உட்கார்ந்திருந்தால் போதும். கோயில் சர்க்கரைப் பொங்கலைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. "பிரசாதம் சுகரை ஏத்தாது" என்ற பெரியப்பாவின் சித்தாந்தத்தை வெல்ல விஞ்ஞானத்தால் முடியவில்லை.

பட்டினி இதற்கு நேர் எதிர்த் தொல்லை. வைகுண்ட ஏகாதசிக்கு உபவாசம் இருந்து விடியற்காலை வரிசையில் மணிக்கணக்காக நிற்கிறவரிடம் மூன்று ஆபத்துகள் சேர்கின்றன: அசையாமல் நிற்பது, உடம்பில் நீர் குறைவது, மாத்திரையோ இன்சுலினோ போட்டிருந்தால் சர்க்கரை இறங்குவது. ரமலான் நோன்பைப் பற்றி 13 நாடுகளில் நடத்தி 2004இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டாம் வகை நோயாளிகளுக்குக் கடுமையான சர்க்கரை இறக்கம் அந்த மாதத்தில் ஏழரை மடங்கு கூடியிருந்தது. நடுக்கமும் வியர்வையும் சர்க்கரை இறக்கத்தின் எச்சரிக்கை மணி. மணியடிப்பதும் அந்தத் தன்னியக்க நரம்புகள்தான் என்பதுதான் விபரீதம். அவை கெட்டவருக்கு மணி அடிக்காது, நேராக மயக்கம். மாரடைப்பின் வலியும் இப்படியே மௌனமாகிப்போவதுண்டு. நெஞ்சு வலிக்காமல் திடீரென்று வியர்த்து, மூச்சு வாங்கி, தலை சுற்றினால் "பித்தம்" என்று இஞ்சிச் சாறு குடிக்காமல் 108ஐ அழைக்க வேண்டும். வாய் குழறினாலும் ஒரு பக்கம் கை விழுந்தாலும் அப்படியே.

சைவச் சாப்பாட்டுக்காரர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. மெட்ஃபார்மின் நல்ல மருந்து, மலிவான மருந்து. ஆனால் பல வருஷம் சாப்பிட்டால் வைட்டமின் பி12ஐக் குடல் உறிஞ்சுவது குறைகிறது. பி12 குறைந்தாலும் பாதம் மரக்கும், தள்ளாட்டம் வரும், அச்சாகச் சர்க்கரை நரம்புச் சேதம் போலவே. கறி, மீன், முட்டை சாப்பிடாமல் வெறும் மோரையும் காபியையும் நம்பியிருக்கும் வீட்டில் இருப்பே கொஞ்சம்தான். எல்லாவற்றையும் சர்க்கரையின் தலையில் கட்டாமல் பி12 அளவைச் சோதித்துவிடலாம், ஏனென்றால் இது சரிசெய்யக்கூடிய பாதி. சர்க்கரையால் செத்த நரம்பு திரும்புவது அரிது. 1993இல் வெளிவந்த புகழ்பெற்ற அமெரிக்க ஆய்வில், முதல் வகை நோயாளிகளிடம் கட்டுப்பாட்டை இறுக்கியதும் நரம்புச் சேதம் 60 சதவீதம் குறைந்தது. இரண்டாம் வகையில் இவ்வளவு பெரிய பலன் கிடைக்கவில்லை.

மரத்த பாதத்தை எப்படிக் காப்பது என்று உலகத்துக்குச் சொல்லிக்கொடுத்த இடங்களில் ஒன்று சென்னைக்கு மூன்று மணி நேரத் தூரத்தில் இருக்கிறது. கொல்லிமலையில் 1914இல் பிறந்த பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர் 1946இல் வேலூர் சி.எம்.சி.யில் சேர்ந்தார். தொழுநோயாளிகளின் விரல்கள் நோயால் அழுகி விழுகின்றன என்றுதான் அப்போது பரவலாக நம்பினார்கள். பிராண்ட் கூர்ந்து பார்த்தார். நோய் செய்தது வலியைப் பறித்தது மட்டுமே. சூடான பாத்திரத்தைத் தொட்டால் கை பின்வாங்குவதில்லை, கல் குத்தினால் நடை மாறுவதில்லை, தூங்கும்போது எலி கடித்தால்கூட விழிப்பு வருவதில்லை. சேதம் செய்தது வாழ்க்கைதான். ஆகவே வலியின் வேலையைச் செருப்பு செய்யட்டும் என்று, சின்னச் சின்னக் காற்றறைகள் கொண்ட மென்மையான ரப்பரில் செருப்பு தயாரித்தார்கள். இன்றைக்குச் செருப்புக் கடைகளில் 'எம்.சி.ஆர்.' என்று கேட்டு வாங்குகிறோமே, அந்த ரப்பர்தான். 1966இல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போன பிராண்ட், சர்க்கரை நோயாளிகளின் பாதப் புண்ணும் இதே கதைதான் என்று கண்டு அதே வைத்தியத்தை அவர்களுக்கும் கொண்டுபோனார். சரியாகப் பத்து கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்க்கும் இன்றைய சோதனையும் கார்வில்லில் நிலைபெற்றதே. எம். விஸ்வநாதன் 1954இல் இராயபுரத்தில் தொடங்கிய மருத்துவமனை, சர்க்கரைப் பாதங்களைக் காப்பதில் பிற்பாடு உலகறிந்த பெயர் எடுத்தது.

செருப்பு காப்பாற்றும். ஆனால் நாம் செருப்பை வாசலில் விடுகிற ஜனங்கள். சித்திரைப் பிரம்மோற்சவத்தில் உச்சிவெயிலில் கருங்கல் 50 டிகிரியைத் தாண்டும். அந்தச் சூட்டில் சில நிமிடங்களில் தோல் வேகும். வலி தெரிகிறவர் தாவித் தாவி நிழலுக்கு ஓடுவார். பெரியப்பா நிதானமாகப் பிரதட்சிணம் செய்தார், "எனக்குச் சூடே தெரியலை, பெருமாள் கிருபை" என்றார். மறுநாள் உள்ளங்காலில் இரண்டு கொப்புளம், ஆற மூன்று மாதம். அதற்குப் பிறகு வெயில் ஏறுமுன் போய்வந்தார், இரவில் பெரியம்மா கைக்கண்ணாடியை அடியில் பிடித்துப் பாதத்தைப் பார்த்தாள், எரிகிறது என்று வெந்நீரில் காலை வைப்பதும் நின்றது.

மாத்திரைகள் அத்தனையையும் ஒரே மருத்துவர் பார்த்துக் குறைத்தபின் கண் இருட்டுவது பெரும்பாலும் போயிற்று. தள்ளாட்டம் போகவில்லை. கைத்தடி வாங்கிக் கொடுத்தோம், கிழவன் போலத் தெரிகிறது என்று எழுபத்தாறு வயதில் மறுத்துவிட்டார். அப்போதுதான் ஒரு விநோதமான ஆராய்ச்சியைப் படித்தேன். ஜேக்கா, லாக்னர் என்ற இருவர் 1994இல் செய்தது. கண்ணை மூடி நிற்கிறவர், அசையாத ஒரு பொருளை ஒற்றை விரல் நுனியால் லேசாகத் தொட்டாலே தள்ளாட்டம் கணிசமாகக் குறைகிறது. பிடித்துக்கொள்ளவே வேண்டாம். நூறு கிராமுக்கும் குறைவான, உடம்பைத் தாங்கவே முடியாத தொடுகை. விரல் தாங்குவதில்லை, உடம்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்று மூளைக்குச் சொல்கிறது, அவ்வளவுதான். பெரியப்பாவுக்குக் கைவிரல்கள் இன்னும் மரக்கவில்லை.

சொன்னேன். "ஒத்தை விரலா? விளையாடறியா?" என்றார். அடுத்த சனிக்கிழமை வரிசையில் அவருக்குப் பின்னால் நின்றேன். சந்நிதிக்கு எதிரே வந்ததும் இடது கையின் ஆள்காட்டி விரலை எவர்சில்வர் கம்பியின் மேல் வைத்தார். என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார்.